கம்பெனி வாசலில் கட்டிய கொடி

ஓசூருக்கு நாங்கள் குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. இரும்பு உருக்கும் ஒரு பவுண்டரியில், உலைப் பிரிவில், அப்பாவுக்கு வேலை கிடைத்திருந்தது. விருதுநகர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்த எங்களுக்கு, மே மாதத்திலும் போர்வை கேட்கும் ஊர் வாய்த்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மாவும் அப்படித்தான் நம்பினாள், முதல் வெள்ளைத் துணியை மாடியில் காயப்போடும் வரை.

எங்கள் வாடகை வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு கொத்தமல்லித் தோட்டமும் ஒரு தார்ச்சாலையும்தான். காற்று பெரும்பாலும் எங்கள் பக்கமே அடித்தது. ஈரத்துணியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரி வந்து உட்காரும். தட்டினால் போகாது, தேய்த்தால் தீற்றிக்கொள்ளும். திங்கட்கிழமைச் சீருடையை அம்மா ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை அலசுவாள். ஆனால் அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். சோறு போடுகிற இடத்தைக் குறை சொல்வதில்லை என்பது அவர்களுக்குள் சொல்லாமலே ஆகிவிட்ட ஏற்பாடு.

மழை ஓய்ந்து பனி தொடங்கிய மாதத்தில் தம்பிக்கு வீசிங் வந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே போயிற்று. ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடிக்கச் செய்தார்கள். வீடு எங்கே என்று டாக்டர் கேட்டார். அம்மா சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, “முடிஞ்சா வேற பக்கம் மாறிடுங்கம்மா” என்றார்.

வீடு திரும்பிய அன்று அம்மா மாடிக்குப் போனாள். முந்தைய நாள் காயப்போட்டிருந்த சீருடைகள் கறுத்துக் கிடந்தன. அவற்றை மறுபடி துவைத்துப் பிழிந்து வாளியில் போட்டாள். கொடிக் கயிற்றை அவிழ்த்தாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வாளியை என்னிடம் கொடுத்து, “வா” என்றாள். எங்கே என்று கேட்கும்படியான முகமாக அது இல்லை.

கம்பெனி கேட்டின் கம்பியில் கயிற்றின் ஒரு முனையையும் வாசலுக்கு மறுபக்கம் இருந்த வேப்பமரத்தில் மறுமுனையையும் கட்டினாள். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

“இங்கெல்லாம் துணி காயப்போடக் கூடாதும்மா.”

“மாடியில போட்டா உங்க கரி அங்க வருது. இங்கயே போட்டா எவ்வளவு வருதுன்னு பாத்துட்டுப் போறேன்” என்று சொல்லிக்கொண்டே என் சட்டையை உதறி விரித்தாள்.

தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா இதைப் பார்த்துவிட்டார். நிலம் அவர்களுடையதுதான். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாகப் பேசுகிறவர். வீட்டுக்குப் போய்த் தன் கணவரின் வெள்ளை வேட்டியை எடுத்து வந்தார்.

“இதையும் போடும்மா. கெலமங்கலம் சந்தைல எங்க கொத்தமல்லியத் தொட்டுப் பாத்துட்டு கையத் தொடச்சிக்கறாங்க. ஒருத்தரும் வாங்கறதில்ல.”

அதன் பிறகு தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தலையணை உறை, துண்டு, குழந்தைகளின் பனியன். பாரத்தில் கயிறு தொய்ந்து இடுப்புயரத்துக்கு இறங்கிவிட்டது. ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியபோது வெளியே வந்தவர்கள் எல்லோரும் குனிந்துதான் வர வேண்டியிருந்தது.

அவர்களில் அப்பாவும் ஒருவர். தம்பியின் டிரவுசரை அவர் அடையாளம் கண்டுகொண்டது எனக்குத் தெரிந்தது. ஒரு கணம் நின்றார். அம்மாவைப் பார்க்காமல் குனிந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, சாலைவரை நடந்துவிட்டார். எங்களைத் தெரியாதவர்போல் போய்விடுவார் என்றே நினைத்தேன். பிறகு திரும்பி வந்தார். அத்தனை பேர் பார்க்க, அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் சாப்பிடும்போது, “அது உன் வீட்டம்மாவான்னு சூப்பர்வைசர் கேட்டாரு” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன்.”

அவ்வளவுதான் பேச்சு.

சில நாட்களில் ஜீப்பில் அதிகாரிகள் வந்து கம்பெனியின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த வாரம் புகை நின்றது. வீட்டுக்கார அம்மா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தார். வெள்ளைத்துணி வெள்ளையாகவே காய்ந்தது. பள்ளியில் நான் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நடந்தேன். எனக்கிருந்த ஒரே குறை, அப்பா இரவு ஷிப்டுக்கு மாறிவிட்டதுதான். அம்மாமேல் உள்ள கோபத்தில்தான் அப்படிச் செய்கிறார் என்று எண்ணி, அவரிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தம்பியின் இழுப்பு மட்டும் நிற்கவில்லை. விடியும் நேரத்தில் வந்தது. ஓசூர்ப் பனி என்று எல்லோரும் சொன்னார்கள். வேலைக்குக் கிளம்பும்முன் அப்பா ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, “பனி எறங்கும், தெறக்காதீங்க” என்பார். உலையில் நிற்கிற மனிதருக்குப் பனியிடம் இவ்வளவு பயமா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அடுத்த கோடையில் அவர் அந்த வேலையை விட்டு பர்கூர்ப் பக்கம் வேறொரு சின்ன வேலைக்குப் போனார். நாங்களும் கிருஷ்ணகிரிக்கு மாறினோம். தம்பி மெல்லத் தேறினான். ஆனாலும் இன்றுவரை இன்ஹேலர் இல்லாமல் வெளியூர் போகமாட்டான்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஏதோ பேச்சில் அப்பாவே சொன்னார்.

“புகைய வடிகட்ற மிஷின் அங்க இருந்துச்சு. ஓட்டுனா கரண்டு இழுக்குதுன்னு அணைச்சே வச்சிருந்தாங்க. உங்கம்மா கயிறு கட்டுன பிறகு, பகல்ல உருக்குறத நிறுத்திட்டு ராத்திரிக்கு மாத்துனாங்க. உலையில நின்னது நான்தான்.”

“அம்மாகிட்ட சொல்லலியா?”

“தெருவே கேசரி சாப்பிட்டுட்டு இருந்துச்சு. எப்படிச் சொல்ல?”

அம்மாவுக்கு அது தெரியாது என்றே அவர் இன்னமும் நம்புகிறார். நானும் திருத்தவில்லை. அந்த மாதங்களில் ஒருநாள் விடிந்தும் விடியாமலும் விழிப்பு வந்து, அம்மாவைத் தேடி மாடிக்குப் போயிருக்கிறேன். தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். மூலையிலிருந்த குழாய்க்குள் தண்ணீர் மைபோலக் கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “வழுக்கும், கீழ போ” என்றாள். அப்பா வேலை முடிந்து வருவதற்குள் தினமும் அந்த மாடி பளிச்சென்று காய்ந்துவிடும். எங்கள் அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் என்று பள்ளியில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.