சோத்தாங்கைப் பக்கம்

எண்பதுகளில் ஒரு ஞாயிறு காலை, மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டச் சாலையை மூடிவிட்டு கார் ராலி நடத்தினார்கள். என் அக்கா வீட்டுக்காரர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், குடும்பக் காரிலேயே கலந்துகொள்ளப் பெயர் கொடுத்துவிட்டார்.

அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "கார்ல ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் ராலின்ற பேச்சே இந்த வீட்டுல கெடையாது லா."

மச்சானுக்கு மூச்சே ராலிதான். அந்த மூச்சு இப்போது காரின் பெயிண்டில் இருந்தது.

பக்கத்து இருக்கையில் வழி சொல்கிறவன் நான். ராலியில் கார்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. நிமிஷத்துக்கு ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள், போட்டியெல்லாம் கடிகாரத்தோடு. முந்தின நாளே மெதுவாக ஓட்டிப் பார்த்து, வளைவுகளை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் ஓட்டுகிறவர் தன் கண்ணைவிட பக்கத்திலிருப்பவனின் வாயைத்தான் நம்புவார். என் வாயை! கல்யாண வீட்டில் யாரும் எனக்கு மைக் கொடுக்கமாட்டார்கள்.

கொடி விழுந்தது. இரண்டு பக்கமும் செம்பனை பச்சைச் சுவராக ஓடியது.

"சத்தமா படிடா!"

"லெஃப்ட், மச்சான்! அடுத்தது ரைட்!"

எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அது கால்வாய்ப் பாலம் வரைக்கும்தான். பாலத்தின் மேட்டில் கார் பறந்தது, நான் பறந்தேன், நோட்டும் பறந்தது. அடுத்த சந்தியில் வலது பக்கம் என்பது நினைவிருந்தது. ஆனால் பயத்தில் இங்கிலீஷ் ஓடிப்போய், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் லயத்துத் தமிழ் வந்து நின்றது.

"சோத்தாங்கை! சோத்தாங்கைப் பக்கம்!"

மச்சான் கொஞ்சமும் யோசிக்காமல் இடது பக்கம் திருப்பினார்.

ஏனென்றால் அவர் சோறு தின்பது இடது கையால். பத்து வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். என் கண் என் தட்டைத் தாண்டியிருந்தால்தானே!

சந்தியில் கொடியோடு நின்றவர் செம்பனைக்குள் பாய்ந்தார். வழியை அடைத்துக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை அறுத்துக்கொண்டு போய், ஒரு லயத்தின் துணிக்கொடிக்குக் கீழே நின்றோம். அங்கே துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா தம்பி, ரோடு பத்தலியா?"

"சோத்தாங்கைன்னு சொன்னியேடா!" என்று மச்சான் அலறினார்.

"நீங்க தின்ற கையைச் சொல்லல, மச்சான்! ஊர் தின்ற கையைச் சொன்னேன்!"

திரும்பி சந்திக்கு வந்ததும் "நேரா போங்க!" என்றேன். நேருக்குக் கை கிடையாது, அதனால் பிழைத்தோம். கடைசி இடம்.

வீட்டு வாசலில் அக்கா காரை இரண்டு சுற்று சுற்றினாள். விரலால் தடவினாள். மச்சான் சாமி கும்பிடுகிற மாதிரி நின்றார்.

"கீறல் இல்ல," என்றாள். பிறகு காரின் ரேடியோ கம்பியிலிருந்து ஈரக் கைலி ஒன்றை உருவினாள். "இது யாரோடது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம், வெகுநேரமானது.

"அடுத்த ராலிக்குப் போங்க," என்றாள் மச்சானிடம். அவர் முகம் மலர்ந்தது. "ஆனா பக்கத்துல நான்தான் உக்காருவேன். சோறு போடுறவளுக்குத் தெரியாதா, எந்தக் கைன்னு?"

கைலியை மட்டும் என்னிடம் நீட்டினாள், திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி. வழி தெரியுமா என்று கேட்டாள்.