எண்பத்து நான்காவது கோல்

1997 ஜூலை 7: வாரம் 42 பவுண்டு 50 பென்ஸ்.
2001 ஜனவரி 19: வாரம் 110 ஐரிஷ் பவுண்டு.
2004 பிப்ரவரி 27: வாரம் 280 யூரோ.
2007 மார்ச் 2: வாரம் 750 யூரோ.
2009 ஜூலை 3: வாரம் 120 யூரோ.
2013 மார்ச் 8: வாரம் 60 யூரோ, பெட்ரோல் தனி.

ஃபின்டன் ஸ்கல்லி கால்பந்து ஆடி வாங்கிய சம்பளம் இது. முதல் வரி இங்கிலாந்தில், பயிற்சி ஆட்டக்காரனாக. நான்காவது வரி கடற்கரை ஊர் ஒன்றின் பெரிய கிளப்பில். மற்றவை எல்லாம் எங்கள் ட்ரம்காரா டவுன் கிளப்பில், அயர்லாந்து லீக்கின் கீழ்ப் பிரிவில். அந்தக் கிளப்பின் பதிவேடுகளை 1979 முதல் நான்தான் எழுதுகிறேன். ஒப்பந்தத் தாள்கள் என் மேஜை வழியாகப் போனதால் தொகைகள் எனக்குத் தெரியும். இங்கிலாந்துத் தொகையையும் அந்த 750 யூரோவையும் மட்டும் அவனுடைய அம்மா கன்செப்டா தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது சொன்னார், நான் கேட்காமலேயே.

நானும் ஆடியவன்தான். 1966 முதல் 1979 வரை ட்ரம்காராவுக்காக 238 ஆட்டங்கள், 83 கோல்கள். எங்கள் கிளப்பில் அதற்கு மேல் போட்டவர் இல்லை. 1968 பிப்ரவரி 6 அன்று எனக்கும் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு வாரம் வந்து ஆடிக் காட்டும்படி எழுதியிருந்தார்கள். மாவட்ட அலுவலகத்தில் ஆற்று மட்டம் அளக்கும் வேலை எனக்கு நிரந்தரமாகி அப்போது ஒன்பது மாதம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் போகவில்லை.

ஃபின்டனுக்குப் பதினாறு வயதில் அதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. முதல் வரியைப் படித்ததுமே பரண்மேல் இருந்த பையை இறக்கிவிட்டானாம். இதையும் கன்செப்டாதான் சொன்னார்.

இங்கிலாந்தில் மூன்றரை ஆண்டுகள் இருந்தான். முதல் அணியில் ஒரே ஒரு முறை இறக்கினார்கள், பதினோரு நிமிடம். பிறகு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். தோற்றுத் திரும்புகிறவனை ஊர் எப்படி வரவேற்கும் என்று பார்க்க நானும் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஊர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி மதுக்கடையில் பத்து வருஷம் கேட்டார்கள். என் பதின்மூன்று வருஷத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

ஆட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. உயரம் அதிகமில்லை, ஆனால் பந்து வந்து சேர்வதற்கு அரை நொடி முன்பே அந்த இடத்தில் நிற்பான். அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. எனக்கு அது வாய்க்கவில்லை. நான் ஓடி ஓடித்தான் போட்டேன். 2006 முடிய ட்ரம்காராவுக்கு 51 கோல்கள். 2007இல் கடற்கரைக் கிளப் வாங்கிக்கொண்டது. இரண்டே ஆண்டில் அந்தக் கிளப் பணமில்லாமல் மூடிவிட்டது. வீட்டுக் கடன், இரண்டு வயதுக் குழந்தை, மனைவி ஓர்லா எல்லாவற்றோடும் இங்கேயே வந்து சேர்ந்தான். விடியற்காலையில் ரொட்டி வண்டி ஓட்டினான், சாயங்காலம் பயிற்சிக்கு வந்தான்.

ஒருமுறை அவன் ஒரு பந்தைத் தவறவிட்டபோது எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "ஸ்கல்லி, ரொட்டி வண்டியக் கூட இதவிட வேகமா ஓட்டுவியே!"

ஃபின்டன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "உங்க வீட்டுக்குத்தான் கடைசியா வரேன், மார்ட்டி. இனிமே பழசுதான்."

கூட்டமே சிரித்தது. என்னை யாராவது கேலி செய்தால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் வராது.

அவனிடம் என்னை மிகவும் உறுத்தியது இன்னொன்று. என் 83 கோல்களில் ஒவ்வொன்றுக்கும் தேதி, நிமிடம், எந்தக் கால் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு எத்தனை என்றே தெரியாது. கோல் போட்டுவிட்டு என் இருக்கைப் பக்கம் ஓடி வருவான்.

"எத்தனை ஆச்சு, டெர்மட்?"

"எழுபத்தெட்டு."

"அம்மாடி. நீங்க எழுதாட்டி எனக்குத் தெரியவே தெரியாது."

வீட்டுக்கு வந்து அதை என் மனைவி நூலாவிடம் சொன்னேன். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டே, "அவன் எண்ணலன்னா உனக்கு என்ன? ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் எண்ணுறியே" என்றாள்.

"அலட்சியம். அதான் சொல்றேன்."

"அலட்சியம் இல்ல. உனக்குப் பொறாமை. நாப்பது வருஷமா உன்கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது சரி.

2013 அக்டோபர் 18 அன்று அவன் 83ஐத் தொட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை, 25ஆம் தேதி, அவனுடைய கடைசி ஆட்டம். முழங்கால் போய்விட்டது, அதோடு நிறுத்துகிறேன் என்று சொல்லியிருந்தான். இன்னும் ஒரு கோல் போட்டால் கிளப்பின் முதல் பெயர் அவனுடையது. போடாவிட்டால் என் பெயரும் அவன் பெயரும் சமமாக இருக்கும்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பாக்கி டூயிக்குத் தூரப் பார்வை குறைவு. கோல் விழுந்ததும் இரண்டு வரிசை தள்ளி இருக்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பான். போட்டவனின் சட்டை எண்ணை நான் விரல்களால் காட்டுவேன். எதிரணிக்காரன் தன் வலையிலேயே போட்டுக்கொண்டால், மூடிய முஷ்டி. பாக்கி அறிவிப்பதைத்தான் பத்திரிகைக்காரரும் எழுதுவார், ரெஃப்ரியும் எழுதுவார். முப்பது வருஷத்தில் என் விரலை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

எழுபத்தொன்றாம் நிமிடம். மழை. இடது பக்கத்திலிருந்து கார்னர். ஃபின்டனும் எதிரணியின் ஐந்தாம் எண் ரோனன் டெவ்லினும் ஒன்றாக எழும்பினார்கள். பந்து ஃபின்டனின் நெற்றியில் பட்டுத் திசை மாறியதை நான் பார்த்தேன். வலைக்குள் போயிற்று. கிளப்பின் ஒரே கேமரா மறுபக்கத்தில் இருந்தது.

பாக்கி திரும்பினான். ஃபின்டனின் சட்டை எண்ணுக்கு ஒன்பது விரல் காட்ட வேண்டும். நான் முஷ்டியைக் காட்டினேன்.

"சுயகோல், ஐந்தாம் எண், டெவ்லின்" என்று ஒலிபெருக்கி சொன்னது. கூட்டம் ஊளையிட்டது. மார்ட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினார்: "யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? அது நம்ம பையன் கோல்யா!"

"தோள்ல பட்டுது" என்றேன்.

ஃபின்டன் அன்று என் இருக்கைப் பக்கம் ஓடி வரவில்லை. எத்தனை ஆச்சு என்று கேட்கவும் இல்லை. தூரத்திலிருந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நடுவட்டத்துக்குத் திரும்பினான்.

ஜனவரியில் கிளப் கூடத்தில் பெயர்ப் பலகை எழுதினார்கள். டெர்மட் லாலி 83. ஃபின்டன் ஸ்கல்லி 83. முந்தையவர் மேலே. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து என்னால் சாண்ட்விச் தின்ன முடியவில்லை. மூன்றாம் வாரம், கடை வாசலில் அவன் ரொட்டித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"ஃபின்டன், அந்தக் கடைசி மேட்ச். பந்து உன் தலையில பட்டுதா இல்லையா?"

"படலையே. அவன் தோள்தான். நீங்க சரியாத்தான் காட்டினீங்க."

"நிச்சயமா?"

"என் தலை, எனக்குத் தெரியாதா? இந்தாங்க, நூலாவுக்குக் குடுங்க." கையில் ஒரு சூடான ரொட்டியைத் திணித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டான்.

அப்போதும் எனக்கு நிம்மதி வரவில்லை. அவன் சொன்னது உண்மையென்றால் நான் பொய் என்று நினைத்துச் செய்ததே சரியாகிவிடும். அவன் சொன்னது பொய்யென்றால் அவன் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறான். ஆற்று மட்டம் அளக்கும் வேலையில் ஒரு விதி உண்டு. இரண்டு அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளை அளக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் ரோனன் டெவ்லின். அவன் வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தான். 2014 பிப்ரவரி 3, அக்டோபர் 13, 2015 மார்ச் 2 ஆகிய தேதிகளில் மூன்று கடிதங்கள் எழுதினேன்.

கடைசியில் பதில் வந்தது. ஒரே பக்கம்.

"பந்து என் மேல் படவே இல்லை, மிஸ்டர் லாலி. ஸ்கல்லியின் நெற்றி. மேட்ச் முடிந்ததும் அவனிடம், போய்ச் சண்டை போடு, என் பெயருக்கு ஒரு சுயகோல் எனக்கு எதற்கு என்றேன். 'விடுடா. அந்த மனுஷனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. எனக்கு வீட்ல நெறைய இருக்கு' என்றான். எனக்கு அன்று கோபம். இப்போது இல்லை."

இரண்டு முறை படித்தேன். அவன் இங்கிலாந்து போனதற்குப் பொறாமைப்பட்டேன், 750 யூரோவுக்குப் பொறாமைப்பட்டேன். இதற்குப் பட்டது போல் எதற்கும் பட்டதில்லை. கொடுத்துவிட்டு ரொட்டி வண்டியில் போய்க்கொண்டே இருக்க அவனால் முடிந்தது.

நூலா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டாள்.

"பதிவேட்ட எடு."

2013 அக்டோபர் 25ஆம் தேதிப் பக்கத்தில் டெவ்லின் பெயரைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்தேன். மேலே எழுதினேன்: ஸ்கல்லி, எண் 9, 71ஆம் நிமிடம், தலை. மொத்தம் 84. பலகை எழுதுகிறவரை வரச் சொல்லி ஃபின்டனின் பெயரை மேலே ஏற்றினோம். பாக்கி "ஏம்ப்பா, இப்ப எதுக்கு?" என்று கேட்டதற்கு, விரல் தவறாகக் காட்டிவிட்டேன் என்றேன், தெரிந்தேதான் என்றும் சொன்னேன். ஃபின்டன் பலகையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, டெர்மட்?" என்றான். பொறாமை இன்னும் போகவில்லை. பக்கத்தின் ஓரத்தில், வழக்கம்போல், ஆதாரத்தையும் குறித்து வைத்தேன்.

ஆதாரம்: ரோனன் டெவ்லினின் கடிதம். வந்து சேர்ந்த நாள் 2015 மே 11.