அலமாரிக்குள் ஒரு கண்

அருள்பிரகாசத்தின் இடது கை கம்பியைப் பிடித்திருக்கும். வலது கை சூடான பற்றிரும்பால் ஈயம் வைக்கும். ஆறியதும் கம்பியை இழுத்துப் பார்ப்பார். தாம் வைத்த ஈயத்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை கிடையாது.

துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமையானால் ராயபுரத்து வீட்டின் வாசலறையை விட்டு எழுந்திருக்க மாட்டார். யுத்தம் முடிந்ததும் மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துச் சாமான்கள் குவிந்தன. அவற்றிடையே, வெளிச்சம் பட்டால் மின்சாரம் விடும் கண்ணாடிக் கண் ஒன்று அகப்பட்டது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, வெயிலிலும் நிழலிலும் காட்டிப் பார்த்த பிறகே வாங்கினார்.

அதற்கு வேலை வந்தது. அலமாரியில் ரேஷன் சர்க்கரை குறைந்துகொண்டே போயிற்று. வீட்டில் அவரும் நீரிழிவுக்காரரான அப்பா தாமஸும்தான். தாமஸின் கால் புண்ணைக் கழுவிக் கட்டச் சிலுவையம்மாள் தினமும் வருவாள். புண்ணும் ஆறவில்லை. சர்க்கரை அவள் மடியில்தான் போகிறது, கட்டும் அரைகுறைதான் என்று தீர்மானித்துவிட்டார்.

"ஒரு பூட்டு வாங்கிப் போடேன் மாமு" என்றார் பக்கத்து வீட்டு எத்திராஜ்.

"பூட்டுனா சக்கரை நிக்கும். திருடன் எப்டி மாட்டுவான்?"

அலமாரி இருட்டில் கண்ணை ஒளித்தார். அப்பாவிடமும் சொல்லவில்லை. கதவு திறந்து வெளிச்சம் பட்டால் வாசலறையில் சிவப்பு விளக்கு எரியும். திறந்து மூட ஒரு நொடி போதுமே! மின்சாரத்தைச் சற்றுத் தேக்கிவைக்கும் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்ததும், மூடிய பிறகும் ஒரு மரியன்னை ஜெபம் சொல்லி முடிக்கும்வரை எரிந்தது. போதாதென்று இன்னொன்றும் சேர்த்தார்.

அன்று கட்டு மாற்றிவிட்டு வாசலறைக்கு வந்தவளை மடக்கினார். "இன்னா ஆயா, சக்கரைன்னா ரொம்ப இஷ்டமோ?"

சிலுவையம்மாள் அழுக்குத் துணியைச் சுருட்டினாள். "உன் வூட்டு சக்கரை எனக்கின்னாத்துக்கு? பெரியவரு மூத்திரச் சட்டில எறும்பு மொய்ச்சிகினு கீது, அத்தப் போய்க் கேளு. நாளிக்கு வேற ஆளப் பாத்துக்க."

விளக்கு எரிந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். உள்ளே அலமாரிப் பக்கம் டப்பா மூடி உருளும் சத்தம்.

"இன்னா நைனா, குந்திகினு கீறே? போய்ப் புடி!" என்றாள் அவள்.

அருள்பிரகாசம் எழவில்லை. விளக்கு அணைந்த பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார். "நாளிக்கு வா, ஆயா."

மறுநாள் காலை அலமாரியில் புதுப் பூட்டைத் தொங்கவிட்டார். சாவியைச் சிலுவையம்மாளின் உள்ளங்கையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

அவள்தான் இழுத்துப் பார்த்தாள்.