பிறேக்குக்குள் விட்ட நல்லெண்ணெய்

வாகனம் திருத்துகிறவன் ஓடாத வண்டிக்குப் பயப்படத் தேவையில்லை, அது விட்ட இடத்திலேயே கிடக்கும். பயப்பட வேண்டியது நிற்காத வண்டிக்கும் அதன் சொந்தக்காரருக்கும்தான். கராச் வைத்திருந்து தலைமயிர் கொட்டினவர்களுக்கும், கராச் வாசலில் காத்திருந்து தலைமயிர் நரைத்தவர்களுக்கும் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போகிற வழியில் என்னுடைய கராச் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு. மற்றவன் கராச்சில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவி, குட்டு வாங்கிப் படித்ததுதான் கூட. அதனால் எனக்குக் கோபம் கெதியில் வரும். பேரம் பேசத் தொடங்கினால் விடவும் மாட்டேன்.

கயிற்றில் வந்த ஊர்வலம்

சோளகக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு காலை, உழவு மெசின் ஒன்று எதையோ கயிற்றில் கட்டி இழுத்து வந்தது. நாலு பேர் இருக்கக்கூடிய, கதவில்லாத, கூரை மட்டும் உள்ள பழைய குட்டி மின்சார வண்டி. ஒரு காலம் கரவெட்டிப் பக்கத்துக் கலியாண மண்டபம் ஒன்றில் பொம்பிளை மாப்பிளையை வாசலிலிருந்து மேடை வரை ஏற்றித் திரிந்தது. மண்டபக்காரர் கழித்துவிட, எங்கள் ஊர் வெங்காயத் தோட்டக்காரர் கனகு அண்ணை வாங்கியிருந்தார். பிறேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் இழுத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. மெசின் நின்ற இடத்திலெல்லாம் வண்டி போய் அதன் பின்பக்கத்தில் முட்டியது. முட்டிய ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த கனகு அண்ணை, சுவாமி புறப்பாட்டில் வருகிறவர் போல அசையாமல் ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்தார்.

அவர் தோட்டத்துக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். கைத்தடியோடு வீட்டு வாசல் படலை வரை நடப்பார், அதற்கு அப்பால் இந்த வண்டிதான் அவருடைய கால். அந்தக் கால் முந்தின நாள் நிற்காமல் ஓடி, பாத்திகளை உழக்கி, வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. மெசினின் இழுவைப் பெட்டியிலிருந்து அவர் மனிசி பவளம் அக்கா இறங்கினா. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. என்னைத்தான் பார்த்தா, புருசனை அல்ல.

"தம்பி, இதுதான் கடைசித் தரம். இன்னொருக்கா நிக்காமல் ஓடிச்செண்டால் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்திடுவன். மனுசன் வீட்டிலை கதிரையிலை இருக்கட்டும்."

தோசை மணம்

பின்சில்லைக் கழற்றி, பிறேக்கை மூடியிருக்கும் ட்ரம்மை இழுத்தேன். கராச் முழுவதும் தோசை மணம். பொய் இல்லை. நல்லெண்ணெய். பிறேக் கட்டைகள் இரண்டும் எண்ணெயில் ஊறிக் கறுத்துப் பளபளவென்று கிடந்தன. இத்தனை வருசத்தில் ட்ரம்முக்குள் எலிக்கூடு கண்டிருக்கிறேன், சாமானெல்லாம் சேற்றில் தோய்ந்து கிடந்ததைக் கண்டிருக்கிறேன், சமையல் சாமான் கண்டதில்லை. கையிலிருந்த நட்டுச் சாவியை நிலத்தில் அடித்தேன். "ஆர் விட்டது?" என்று நான் போட்ட சத்தத்தில் ரோட்டால் போன ஆட்டுக்குட்டி திரும்பிப் பார்த்தது.

விட்டது கனகு அண்ணை. துருப்பிடித்த கட்டை ட்ரம்மில் உரசி, வண்டி போகும் வழியெல்லாம் 'கீச்' என்று கத்தியிருக்கிறது. தோட்டத்துச் சனம் சிரித்திருக்கிறது. மனுசனுக்கு வெட்கம். கடற்காற்றடிக்கிற எங்கள் பக்கத்தில் எதற்கும் எண்ணெய் விடுவதுதான் முதல் வைத்தியம். இதற்கும் விட்டுவிட்டார். எண்ணெய் பட்ட பிறேக் எதைப் பிடிக்கும்? நான் பேசின பேச்சுக்கு மெசின்காரன் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். பவளம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தச் சத்தம் உங்களை என்ன செய்தது?" என்று புருசனிடம் மெல்லக் கேட்டா. அதை அப்போது நான் காதில் எடுக்கவில்லை. கனகு அண்ணையின் பதில்தான் காதில் நின்றது.

"கதவு கீச்சிட்டால் எண்ணெய் விடுறம். கிணத்துக் கப்பி கீச்சிட்டால் எண்ணெய் விடுறம். உவர் பிறேக் மட்டும் என்ன பெரிய துரையோ?"

அக்சிலுக்குள் ஒரு கலியாணம்

எண்ணெயைத் துடைத்து, கட்டையில் பிடிக்கிற பக்கத்துக்குப் புதுத் தோல் அடித்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. பின் அக்சிலை வெளியே இழுத்தபோது, பெயாரிங் ஆடி ஆடி அக்சிலின் கழுத்தையே தின்றிருந்தது தெரிந்தது. ஒயில் சீல் கிழிந்து, கியர்ப் பெட்டி எண்ணெயும் சொட்டுச் சொட்டாய் ட்ரம்முக்குள் இறங்கியிருக்கிறது. அண்ணை நல்லெண்ணெய் விடாமல் இருந்திருந்தாலும் வண்டி ஒருநாள் வாய்க்காலுக்குப் போயிருக்கும். இதை நான் அவருக்கு உடனே சொல்லவில்லை. பேரத்துக்கு உதவும்.

மத்தியானம். மெசின்காரன் போய்விட்டான், பவளம் அக்காவும் சமைக்கப் போய்விட்டா. அக்சில் குழாயைச் சுரண்டச் சுரண்ட, கிறீஸோடு சேர்ந்து மினுங்குகிற கடதாசித் துகள் வந்தது. பொன், சிவப்பு, பச்சை. பிறகு அரிசி. பொம்பிளை மாப்பிளையை வாழ்த்தி அறுகரிசி போட்டபோது சில்லடியில் சிந்தி, உள்ளே போய், வருசக்கணக்காய் அங்கேயே கிடந்திருக்கிறது. தகரக் கூரை ஓட்டைகளால் வெயில் காசு காசாய் விழுந்தது. கறுத்த என் இரண்டு கையும் மினுங்கின. கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ மேளம் கேட்கிற மாதிரி இருந்தது, ஒருவேளை கேட்டும் இருக்கலாம். முகூர்த்த நாள்தான். கனகு அண்ணை கதிரையை அருகே இழுத்து என் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார்.

"எத்தினை சோடியைக் கொண்டுபோய் இறக்கின வண்டி, பார். ஒருத்தரும் அதை 'நில்' எண்டு கேட்டிருக்க மாட்டினம். அதுதான் பழக்கமில்லை."

குருநகரில் ஒரு சண்டை

பெயாரிங் தண்ணீர் இறைக்கிற பம் விற்கும் கடையில் கிடைத்தது. அளவு ஒன்றுதான், ஆனால் "கலியாண வண்டிக்கு" என்று வாய்தவறிச் சொன்னதால் கடைக்காரன் விலையை ஏற்றினான். நான் கடையை விட்டு வெளியேறி, தேத்தண்ணி குடித்து, திரும்பிப் போய், "பம்முக்கு" என்று வாங்கினேன். தின்றுபோன அக்சில் கழுத்தை ஒட்டு வைத்து உருட்டிக் கடைய வேண்டும். அதற்கு ஆள் குருநகர் யேசுதாசன். விடியக் கடலுக்குப் போவான், பின்னேரம் லேத் ஓட்டுவான். வள்ளத்து எஞ்சின் தண்டெல்லாம் அவன் கைதான்.

மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன். அக்சிலைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டால், ஒரு மயிரளவு 'ற்ற்' என்றது. மின்சார வண்டியில் எஞ்சின் சத்தம் இல்லை, அதனால் எங்கள் பிழையை மறைக்க ஒன்றுமில்லை. பவளம் அக்காவின் பழைய இரும்புக்காரன் என் கண்ணுக்குள் நின்றான். "ஒரு சத்தமும் வரக் கூடாது, விளங்குதோ?" என்று கத்தினேன். யேசுதாசன் லேத்தை நிற்பாட்டிவிட்டு, முகத்தில் ஒட்டிய இரும்புச் சீவலை ஊதினான்.

"உனக்கு உந்தச் சத்தத்தோடை என்ன கோவம், மச்சான்? கடல்லை என்ரை எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் என்ரை மனிசி உலையிலை அரிசி போடுறவள்."

தேசிக்காய்

எல்லாம் பூட்டி முடிந்தது. புதுத் தோல், புது சீல், கடைந்த அக்சில், இறுக்கிய பிறேக் கேபிள். வழக்கப்படி நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, நசித்து எடுத்தோம். ஐந்தாவது தேசிக்காயை நான் நடு ரோட்டில் வைத்தேன். அண்ணையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தூர இருந்து வந்து பிறேக்கை மிதித்தேன். தேசிக்காயை முகர்ந்து பார்க்கிற மாதிரி வண்டி நின்றது. காய்க்கு ஒரு கீறல் இல்லை.

பிறகு அப்படியே தொண்டைமானாற்றுப் பாலம் வரை போனோம். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சத்தமே இல்லை. என் வாழ்க்கையில் சத்தமில்லாமல் எதுவும் ஓடினதை நான் அறியேன். காற்று காதோரத்தால் போகிறது, கடல்நீரேரி பக்கத்தால் வருகிறது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். கரையில் நின்ற கொக்கு தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் முழங்காலளவில் வலை வீசிக்கொண்டிருந்தவன் வீசின கையோடு நின்றான், வலை விரிந்து விரிந்து கீழே வரவே இல்லை போலத் தோன்றியது. பாலத்து ஏற்றத்தில் நிற்பாட்டி மிதியைப் பிடித்தேன். ஒரு விரல்கூடப் பின்னுக்கு உருளவில்லை. நான் வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். கனகு அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் செத்துப் போனனோ எண்டு ஒருக்கா யோசிச்சன். பேந்து உன்ரை வேர்வை மணத்தது."

பவளம் அக்காவின் பேரம்

அடுத்த கிழமை பவளம் அக்கா தனியே நடந்து வந்தா. வண்டி நிற்கவில்லையோ என்று கேட்டேன். "நிக்குது, வடிவா நிக்குது" என்றா. "ஆனால் நான் அவரை விடேல்லை. சார்ஜ் வயரை அரிசிப் பெட்டிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருக்கிறன். அவர் கதிரையிலை இருந்து சுவரைப் பாக்கிறார். தம்பி, அந்தப் பழைய கீச்சைத் திருப்பிப் போட்டுத் தாங்கோ."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் கடதாசி எரியும். என்ன விசர்க்கதை, மூன்று முறை குருநகர் போய் வந்தது இதற்கோ என்று கத்தினேன். அக்கா நான் முடிக்கும் வரை நின்றா. பிறகு சொன்னா: "அண்டைக்குக் கிணத்தடியிலை விழுந்து கிடந்து கூப்பிட்டிருக்கிறார். பம் சத்தத்திலை ஒருத்தருக்கும் கேக்கேல்லை. எனக்கும் கேக்கேல்லை. நான் அடுப்படியிலை பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன். இந்த வண்டி வந்தாப் பிறகு, கீச்செண்டு போகும், முடக்கிலை திரும்பும், கிணத்தடியிலை நிக்கும். பேந்து கீச்செண்டு வரும். அது கேட்கிற மட்டும் எனக்குப் பயமில்லை. இப்ப படலையைத் தாண்டினால் ஆள் இல்லை."

நான் பேரம் பேசிப் பார்த்தேன். ஹோர்ன் பூட்டித் தாறன் என்றேன். விழுந்து கிடக்கிறவர் ஹோர்ன் அடிப்பாரோ என்று கேட்டா. கைத்தொலைபேசி என்றேன், அது இப்போது கிணற்றுக்குள் இருக்கிறதாம். பிறேக்கை நான் கெடுக்க மாட்டேன், தலைகீழாய் நின்றாலும் மாட்டேன் என்றேன். அக்காவும் போகவில்லை. கடைசியில் நானே வீட்டுக்குப் போய், பின்சில்லின் நடு மூடியைக் கழற்றி, உள்ளே இரண்டு இரும்பு நட்டைப் போட்டு மூடினேன். சில்லு உருண்டால் கிலுங்கும், நின்றால் நிற்கும். பிறேக்குக்கு ஒரு கேடும் இல்லை. எவனாவது இப்படிச் சத்தத்தோடு ஒரு வண்டியைக் கொண்டு வந்தால் நான் செருப்பைக் கழற்றுவேன். கனகு அண்ணை கதிரையை விட்டு எழும்பி ஏறி உட்கார்ந்தார். நான் வண்டியை வீட்டுக்கு வருகிற ஒடுக்கமான ஒழுங்கையின் முடிவு வரை தள்ளிக்கொண்டு போனேன். அக்கா அடுப்படிக்குள் நின்று கேட்டா. திரும்பிப் படலைக்கு வந்தபோது அரிசிப் பெட்டியைத் திறக்கிற சத்தம் வந்தது. அதோடு அவவின் குரலும்.

"இன்னும் ஒரு நட்டுப் போடுங்கோ, தம்பி. காத்து எதிர்ப்பக்கமா அடிக்கிற நாளும் இருக்கு."

இப்போது பின்னேரங்களில் அந்த வண்டி கிலுங்கிக் கிலுங்கி என் கராச்சைக் கடந்து போகும்போது, "உதைத் திருத்தின மடையன் ஆர்?" என்று வாசலில் நிற்கிறவர்கள் கேட்பதும், நான் வாயைப் பொத்திக்கொண்டு நட்டு முடுக்குவதும்தான் நான் வாழ்க்கையில் தோற்ற ஒரே பேரத்துக்கு நாள் தவறாமல் கட்டுகிற வட்டி.