இன்னொரு தூத்துக்குடியில் மாமாவுக்குக் கல்யாணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதினோரு வயதில் நான் ஒரு வடிகட்டின முட்டாள். மற்ற முட்டாள்கள் யோசிக்காமல் தப்பு செய்வார்கள். நான் நன்றாக யோசித்து, ஆதாரம் திரட்டி, அதற்குப் பிறகு செய்கிற ரகம். தூத்துக்குடி மாதிரியே இன்னொரு தூத்துக்குடி எங்கோ இருக்கிறது, அங்கே என்னைப் போலவே ஒருவன் இருக்கிறான், கணக்கில் வர வேண்டிய மார்க்கையெல்லாம் அவனே வாங்கிக்கொள்வதால்தான் எனக்கு மிச்சம் வருவதில்லை என்று அந்த வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கரியால் மீசை வரைந்துகொண்டு கண்ணாடி முன்னால் நின்று அவனோடு பேசிப் பார்த்ததும் உண்டு. மீசை எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு மாமாவிடம் போக வேண்டும்.

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் எங்கோ நிற்கும். இவர் பம்பாயில் இறங்கி ரயில் ஏறி, சென்ட் வாசனையும் டிரங்குப் பெட்டியுமாக வந்து சேருவார். பெட்டியைத் திறந்தால் மேலே அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை, நடுவில் அப்பாவுக்கு ஷேவிங் செட், அடியில் எனக்குப் படக்கதைப் புத்தகங்கள். எல்லாம் பினாங்கில் வாங்கியவை. இங்கிலீஷ் புத்தகங்கள் என்பதால் எனக்குப் படம் மட்டும்தான் புரியும். கதையை மாமா மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுவார். அதில் ஒரு வீரன். அவனுக்கு இங்கிலீஷில் என்னவோ பெயர். மாமா அவனுக்குப் புயல்வீரன் என்று ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். நீலப் போர்வை, விரலை நீட்டினால் சூறாவளி. அப்பா அம்மா இல்லாதவன்.

அந்த முறை வந்தபோது மாமா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் தங்கும் விடுதியில், டெலிவிஷனில், புயல்வீரனை நேரிலேயே பார்த்துவிட்டாராம்.

எங்கள் தெருவில் ரேடியோ வைத்திருந்தவரையே நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. டெலிவிஷன் என்றால் மீன் தொட்டி மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீருக்குப் பதிலாக மனுஷர்கள் இருப்பார்கள் என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படி இருந்தான் மாமா?"

"தொப்பையா இருந்தான்."

என் நெஞ்சில் இடி விழுந்தது. இன்னும் விழ இருந்தது. டெலிவிஷன் புயல்வீரனுக்குப் போர்வை சிவப்பாம். அப்பா உயிரோடு இருக்கிறாராம், பலசரக்குக் கடை வைத்திருக்கிறாராம். புத்தகத்தில் ஆறு கையோடு வருகிற வில்லனுக்கு அங்கே ரெண்டே கை.

"மிச்ச நாலு கை எங்க மாமா?"

"ரப்பர் விலை கூடிப் போச்சுல்லா? வாரா வாரம் ஆறு கை செய்ய முடியுமாலே? காசு இடிச்சா கைய வெட்டிருவான் டெலிவிஷன்காரன்."

"அப்போ டெலிவிஷன்காரன் பொய் சொல்லுதானா, புஸ்தகக்காரன் பொய் சொல்லுதானா?"

மாமா பீடியை இழுத்துவிட்டு, பெரிய உண்மையைச் சொல்லப் போகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு பேரும் பொய்தாம்லே சொல்லுதான். ஆனா ஒரு பொய் இன்னொரு பொய்யோட மோதப்பிடாது பாரு, அதுக்குத்தான் ஒலகத்தக் கூட்டிக்கிடுதான்."

பிறகு ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். பக்கம் முழுக்க ரெண்டு பூமி, ஒட்டிக் காய்த்த ரெட்டை மாம்பழம் மாதிரி. பல வருஷங்களுக்கு முன்னால் வந்த கதைகளில் புயல்வீரன் தலையில் தகரத் தொப்பி வைத்த பெரியவர். பிறகு வந்தவன் இளந்தாரி. ரெண்டு பேரும் எப்படி ஒரே ஆள் என்று படிக்கிறவன் கேட்பானே? அவன் அந்த உலகத்து ஆள், இவன் இந்த உலகத்து ஆள் என்று எழுதிவிட்டார்கள். ஒரு நாள் சுவர் மாதிரி இருந்த காற்று கிழிந்து ரெண்டு பேரும் சந்தித்துவிட்டார்கள். அதே கதையை டெலிவிஷனிலும் காட்டினார்களாம். புத்தகத்தில் அந்த உலகத்துக்கு ரெண்டு சூரியன், தலைகீழாக ஓடுகிற ஆறு. டெலிவிஷனில்?

"அதே தெரு, அதே காரு, அதே தொப்பை. மீசை மட்டும் ஒட்டிருந்தான். மீசை இருந்தா அந்த ஒலகத்துக்காரன், இல்லாட்டி இந்த ஒலகத்துக்காரன். முடிஞ்சுபோச்சு."

இதைக் கேட்டு நான் ஏமாந்துபோயிருக்க வேண்டும். மாறாக, தலைக்குள் விளக்கெரிந்தது. ரெண்டு சூரியனை நான் நம்பியிருக்க மாட்டேன். அதே தெரு, அதே கார் என்றதும் நம்பிவிட்டேன். அப்படியென்றால் அது எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்! மறுநாள் ஞானோபதேச வகுப்பில், நாலு சுவிசேஷத்திலும் கதை கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறதே, அப்படியானால் நாலு உலகமா என்று உபதேசியாரிடம் கேட்டேன். தலையில் விழுந்த குட்டு இந்த உலகத்துக் குட்டுதான்.

சாயங்காலம் மாமாவிடம் அடுத்த கேள்வியைப் போட்டேன். "நம்மளுக்கும் அங்கன ஆளு உண்டா?"

"உண்டாவா? அங்கன நீ ஒழுங்கா படிக்க."

"நீங்க?"

"எனக்கு அங்கன கல்யாணம் ஆயி நாளாச்சு மருமவனே. ரெண்டு பிள்ள." சொல்லிவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளைகள் எனக்கு என்ன முறை என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அப்போது மாமாவுக்கு இந்த உலகத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கு ஊர் கீழவைப்பார். அவள் அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளமும் வலையும் உண்டு. லீவு முடிந்து மாமா கப்பலேறுவதற்குள் கல்யாணத்தை முடித்தாக வேண்டும். தவறினால் அடுத்த லீவு எப்போதோ. அதுவரை ஒரு பெண்ணை யார் காக்கவைப்பார்கள்? அம்மா நின்ற இடத்தில் நிற்கவில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பூசையில் அறிவிப்பார்கள். நான் அதுவரை எத்தனையோ ஓலையைக் கொட்டாவி விட்டபடி கேட்டவன்தான். முதல் ஞாயிறு மாமா பெயரை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடமைப்பட்டவர்கள்!

நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கி அதிக நாள் ஆகவில்லை. மனசாட்சி புதுச்செருப்பு மாதிரி கடித்துக்கொண்டிருந்த சமயம். அந்த உலகத்துக் கல்யாணம் இந்த உலகத்தில் செல்லுமா, செல்லாதா? புத்தகத்தில் காற்று கிழிந்து அந்தப் பக்கத்துப் பெண்டாட்டி இந்தப் பக்கத்து வீரன் வீட்டுக் கதவைத் தட்டுகிற கட்டம் ஒன்று இருந்தது. கல்யாணத்தன்று பந்தலில் அப்படி ஒருத்தி ரெண்டு பிள்ளைகளோடு வந்து நின்றால்? பிரியாணி யாருக்குப் போடுவது? சாமியாரிடம் கேட்டுவிடுவதுதான் முறை என்று கிளம்பினேன்.

சாமியார் வாசலில் மோட்டார் சைக்கிள் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கல்யாணத்துக்குத் தடை சொல்ல வந்திருக்கேன்."

"யாரு கல்யாணத்துக்குலே, ஒனக்கா?"

"எங்க மாமாவுக்கு. அவுகளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டு சாமி. ரெண்டு பிள்ள இருக்கு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"அவுகளேதான்."

"எந்த ஊருல?"

"இதே மாதிரி ஊருதான் சாமி. ஆனா நம்மளால சுளுவா போவ முடியாது."

மேற்கொண்டு ரெண்டு பூமி, தகரத் தொப்பி, மீசை எல்லாவற்றையும் வரிசையாக விளக்கத் தயாராக வந்திருந்தேன். சாமியார் கையை உயர்த்திவிட்டார். கப்பல்காரர்கள் பங்கில் பல வருஷம் இருந்தவர். போதுமான அளவு கேட்டுவிட்டதாக நினைத்தார்போல. "வேற யார்ட்டயும் மூச்சு விடப்பிடாது. வீட்டுக்குப் போ." கடமை முடிந்த திருப்தியோடு நான் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு மாமா புது டெரிகாட்டன் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஓலை வாசித்தார்கள். திரேஸ்புரத்துப் பையன் ஒருவன் பெயர் வந்தது, வேறொருவன் பெயர் வந்தது. மாமா பெயர் வரவில்லை. கோயிலில் இருந்த தலையெல்லாம் சாளை மீன் கூட்டம் மாதிரி ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். சாமியார் விஷயத்தை ஆராய்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாளே கீழவைப்பாரிலிருந்து பெண்ணின் அப்பா வந்து இறங்கினார். கூடவே, யாரும் எதிர்பார்க்காதபடி, பெண்ணும். எல்லோரும் சாமியார் பங்களாவில் கூடினார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அது மரியாதை என்று நினைத்துத் தலைவாரிக்கொண்டு போனேன்.

சாமியார் சுற்றி வளைக்கவில்லை. "ஒனக்கு வேற எடத்துல பெஞ்சாதி பிள்ள இருக்குன்னு தகவல். உள்ளதா, இல்லயா?"

மாமாவின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. "யாரு சொன்னா சாமி? பினாங்குல இருந்து யாரும் வந்தாவளா?"

"ஒம் மருமவன்தான் சொன்னான்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு எங்கிருந்தோ ரத்தம் திரும்பி வந்தது. சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார். "ஏலே, அந்தப் புஸ்தகத்தை எடுத்துட்டு வாலே!"

ஓடிப்போய் எடுத்துவந்தேன். மூச்சிரைக்க ரெண்டு பூமியைக் காட்டி விளக்கினேன். சாமியார் வாங்கிப் புரட்டினார். பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்து, "இதுக்காடே ஊருசனம் என்ன பாத்துச் சிரிச்சுது?" என்று தலையிலடித்துக்கொண்டார். அம்மா என் தொடையில் கிள்ளியது ரெண்டு உலகத்துக்கும் சேர்த்து.

பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "அந்த ஒலகத்துக்காரன் யாரு, இந்த ஒலகத்துக்காரன் யாருன்னு எப்படித் தெரியும்?"

"புஸ்தகத்துல கஷ்டம்க்கா. டெலிவிஷன்ல லேசு. மீசை இருந்தா அந்த ஒலகத்துக்காரன்."

எல்லோரும் மாமாவின் மீசையைப் பார்த்தார்கள். தடித்த, முனை முறுக்கிய, அவர் பிள்ளை மாதிரி வளர்த்த மீசை.

"அப்பா, ஓலைய வாசிக்கச் சொல்லுங்க," என்றாள் பெண். "ஆனா மீசைய எடுத்துட்டுத்தான் வரணும்."

மாமா எடுத்தார். கல்யாணப் போட்டோவில் பல்லி மாதிரி இருப்பார். புத்தகத்தைச் சாமியார் பரிசோதனைக்காக வைத்துக்கொண்டார். பரிசோதனை இன்னும் முடியவில்லை.

அன்று திரும்பும் வழியில் முதுகுத்தோல் உரியும் என்று பயந்துகொண்டே வந்தேன். மாமா அடிக்கவில்லை. கடையில் நிறுத்திக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், என்னைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் முத்தம்கூடக் கொடுத்தார். என்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் கிழக்கே போகிற கப்பலில் ஏறவே இல்லை, கொஞ்ச காலத்தில் கடலையே விட்டுவிட்டு இங்கேயே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது அத்தைமேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன். சாமியார் எந்த ஊர் பெயரையும் சொல்வதற்கு முன்னால் மாமா ஏன் ஒரு ஊர் பெயரைச் சொன்னார் என்று யோசிக்க எனக்கு வழுக்கை விழ வேண்டியிருந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பினாங்கில் புத்தகம் கிடைக்கும் என்பதுதான்.

போன மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். டிவியில் பேரன் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் ஒரே வீரன் ஏழெட்டு உலகத்திலிருந்து ஏழெட்டுப் பேராக வந்து ஒரே தெருவில் நிற்கிறான். கை காலுக்குப் பஞ்சமே இல்லை. மாமா அதற்கு முன்னால் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். குசினியில் அத்தை இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் வாய் சும்மா இருக்கிற வாயா?

"அத்தை, அன்னைக்கு மாமா பினாங்குன்னு சொன்னாவளே, நெசமாவே அங்கன ஒருத்தி இருந்திருப்பாளோ?"

அத்தை இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருந்தா, பாவம் அவ."