தம்பளப்பூச்சிக்குக் காற்று மறைத்தவர்கள்

எங்கள் தீவு ஊரான நாரந்தனையில் என்னைப் பாம்பு கடித்துவிட்டதென்று செய்தி பரவிய காலையில், நான் நல்ல சுகத்தோடு புல்வெளியில் குப்புறக் கிடந்து படமெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்ரூடியோவில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு எந்த லென்ஸ்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். லென்ஸ் மட்டும் எடுத்த படமல்ல அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. தாலிக்கொடி லென்ஸ்

அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கிழிந்த வலை பொத்துகிறவ. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது தேர்தலுக்கு வாக்குப் போடத்தான். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

படித்து முடித்த கையோடு யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் சேர்ந்தேன். முதலாளி குமார் அண்ணை. கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று வேலை ஓயாது. அங்கே இருந்த மிரர்லெஸ் கமராவுக்கு ஒரு மக்ரோ லென்ஸும் இருந்தது. தாலிக்கொடியையும் மோதிரத்தையும் கிட்டப் பிடித்து எடுப்பதற்காக வாங்கியது. வேலை இல்லாத நேரங்களில் நான் அதை எடுத்துக்கொண்டு போய் எறும்பையும் இலைப்பூச்சியையும் எடுப்பேன். குமார் அண்ணை ஒன்றும் சொல்லமாட்டார். "கொடி எடுக்கிற லென்ஸிலை கொடுக்கன் எடுக்கிறாள்" என்று வருகிறவர்களிடம் சிரிப்பார். கொடுக்கன் என்றால் எங்கள் ஊரில் தேள்.

ஒருநாள் சிறுபிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிற ஒரு ரீச்சர் ஸ்ரூடியோவுக்கு வந்தா. எங்கள் மண்ணில் ஊர்கிற உயிர்களைப் பற்றிய படப் புத்தகம். என் படங்களைப் பார்த்துவிட்டு எல்லாப் பக்கங்களையும் எனக்கே தந்தா. மாரி தொடங்கும் முன் எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. அது தம்பளப்பூச்சி. முதல் மழை விழுந்ததும் நிலத்துக்குள்ளிருந்து வரும், சிவப்புப் பட்டுத்துணியில் கத்தரித்த பொட்டுப் போல இருக்கும். சில நாட்களில் காணாமல் போய்விடும்.

"பிள்ளை, நீர் கெட்டிக்காரிதான்" என்றா ரீச்சர். "ஆனால் மழை பெய்த கையோடை படம் வராட்டில் அச்சுக்குக் குடுக்க வேணும். இணையத்திலை ஒரு படம் பாத்து வைச்சிருக்கிறன். வேறை நாட்டுப் பூச்சி. பாக்கிறதுக்கு ஒரே மாதிரித்தான்."

ஒரே மாதிரி என்றது எனக்குச் சுட்டது. அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் இந்தச் சிவப்புப் பூச்சியைத்தான் போட வைத்திருந்தார்கள். பக்கங்கள் முழுவதும் என்னுடையவை என்றால் மட்டுமே 'படங்கள்' என்று போட்டு என் பெயர் உள்ளே வரும். வேறு படம் கலந்தால் கடைசிப் பக்கத்தில் பலருக்கு நன்றி சொல்லும் இடத்தில் நானும் ஒருத்தியாக நிற்பேன். எங்கள் வீட்டில் எவருடைய பெயரும் கலியாண அழைப்பிதழிலும் மரண அறிவித்தலிலும் தவிர வேறெங்கும் அச்சில் வந்ததில்லை.

2. வெள்ளைத் தாள்

மழை ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தது. விடிய எழும்பினால் வானம் வெளித்திருந்தது. அப்பா படகுக்குப் போக வெளிக்கிட்டு நின்றார்.

"நான் மீனைப் பிடிக்கிறன், நீ பூச்சியைப் பிடி. ஆர் கனக்கக் கொண்டுவாறதெண்டு பாப்பம்."

"எனக்கு ஒண்டு காணும் அப்பா."

"நான் ஒரு மீனோடை வந்தால் கொம்மா என்னைச் சும்மா விடுவாளோ?"

அம்மாவை உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நிலமட்டத்தில் எடுப்பதற்குக் காலுள்ள ஸ்ராண்ட் உதவாது. அம்மா தைத்துத் தந்த உமிப் பையை நிலத்தில் வைத்து, அதன் மேல் கமராவை அமத்தி, கமராத் திரையை மேல்நோக்கித் திருப்பிவிட்டுக் குப்புறப் படுக்க வேண்டும். வெயில் நேரே விழுந்தால் பூச்சியின் மயிர் எல்லாம் வெளிறிப் போகும். அதற்காக ஈர்க்கிலில் பட்டத்தாளை ஒட்டி ஒரு வெள்ளைத் தட்டி செய்திருந்தேன். அம்மாவின் வேலை எனக்கு எதிரே குந்தியிருந்து அதை மேலே பிடிப்பது.

வீட்டுக்குப் பின்னால் உள்ள வெளியில் பூச்சி இருந்தது. பக்கத்தில் ஒரு புல், அதன் நுனியில் ஒரு மழைத்துளி. இரண்டும் ஒரே படத்தில் விழுந்தால் போதும், அட்டைக்கு அதுவே காணும்.

"அம்மா, கதைக்கப்படாது. அசையவும்படாது. உங்கடை மூச்சுப் பட்டாலும் அது சுருண்டுபோடும்."

அம்மா தலையாட்டக்கூடப் பயந்து கண்ணை மட்டும் மூடித் திறந்தா.

கிட்டவிருந்து எடுக்கும்போது பூச்சியின் முகம் தெளிந்தால் முதுகு கலங்கும். அதனால் கமரா குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாகப் பல படங்களை எடுக்கும். பிறகு கணினியில் அவற்றை ஒன்றாக அடுக்குவோம். அந்த வரிசை முடியும்வரை எதுவும் ஆடக்கூடாது. ஆனால் கிழக்கேயிருந்து வரும் கொண்டல் காற்று விட்டால்தானே. கீழே கிடந்தால்தான் தெரியும், தீவில் நிலமட்டத்திலும் காற்று ஓயாது. புல் ஆடியது, துளி நடுங்கியது, எடுத்த வரிசைகள் எல்லாம் வீண். நான் அசையாமல் காற்று விழக் காத்துக் கிடந்தேன்.

ஒழுங்கையால் போன அயல்வீட்டுப் பிலோமினா மாமிக்கு நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்று இப்போது யோசித்தால் அவவில் பிழை இல்லை. மழை பெய்த மறுநாள், விரியன் பாம்பு வெளியே வருகிற நாள். வெளியில் ஒரு பிள்ளை குப்புறக் கிடக்கிறாள், அசைவில்லை. தாய் பக்கத்தில் குந்தியிருந்து அவளின் தலைக்கு மேல் வெள்ளை பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயோ மேரி, பிள்ளைக்கு என்னடி?" என்று மாமி ஒழுங்கையில் நின்றே கேட்டா.

அம்மாவிடம் கதைக்கக்கூடாதென்று நான் சொல்லியிருந்தேன். அம்மா கதைக்கவில்லை.

3. ஓட்டோ

முதலில் மாமியின் அழுகை கேட்டது. பிறகு நிலம் அதிர்ந்தது. திரையில் பார்க்கிறேன், பூச்சி எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு பொத்தானாகிவிட்டது. தலையைத் திருப்பினால் சாரங்களும் பாவாடைகளும். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த சனம் அரைவாசி அங்கே நின்றது. ஓட்டோக்கார றொபின் அண்ணை வண்டியை வெளிக்குள்ளேயே இறக்கிவிட்டார்.

"தூக்குங்கோ, தூக்குங்கோ. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கெதியாக் கொண்டுபோவம்."

"எந்தக் காலிலை கடிச்சது?"

"எனக்கு ஒண்டும் கடிக்கேல்லை" என்றேன்.

"விசம் தலைக்கேறீட்டுது, விளங்காமல் கதைக்கிறாள்" என்றா மாமி.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தா. அதுவும் கிசுகிசுப்பாக. "சத்தம் போடாதேங்கோ. பிள்ளை தம்பளப்பூச்சி எடுக்கிறாள்."

பிறகு றொபின் அண்ணை கேட்டார். "உந்தக் கோதாரிக்கோ நான் பூசை உடுப்போடை ஓடி வந்தனான்?"

"படிச்ச பிள்ளை இப்பிடியோ புல்லுக்கை கிடக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"படிச்சதாலைதான் கிடக்கிறாள்" என்றா அம்மா. தட்டியைக் கீழே விடவில்லை.

எல்லாரையும் போகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். திரையைப் பார்த்தேன். துளி ஆடாமல் நின்றது. புல் நேராக நின்றது. கிழக்குப் பக்கம் நெருக்கமாய் நின்ற சனத்தைத் தாண்டி ஒரு மூச்சுக் காற்றும் வரவில்லை.

"போகாதேங்கோ" என்றேன். "நிண்ட இடத்திலையே நில்லுங்கோ. காலை மட்டும் எடுத்து வையாதேங்கோ. பூச்சி திரும்பக் கால் நீட்டும்வரைக்கும்."

"எப்ப நீட்டும்?"

"அது பயம் தெளியேக்கை."

"எனக்கே இன்னும் தெளியேல்லை" என்றா பிலோமினா மாமி. ஆனால் நின்றா.

றொபின் அண்ணை எட்டிப்போய் ஓட்டோ எஞ்சினை நிற்பாட்டிவிட்டு நுனிக்காலில் திரும்பி வந்தார். பூசையில் நற்கருணை எழுப்பும் நேரத்தில்கூட எங்கள் சனம் இவ்வளவு அமைதியாய் நின்று நான் கண்டதில்லை. சனத்தின் நிழலில் வெயில் மறைந்ததால், வெளிச்சம் காணாதென்று ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் கூட்டினேன். பூச்சி முதலில் ஒரு காலை நீட்டியது. பிறகு மற்றது. ஷட்டருக்குச் சத்தம் இல்லாதபடி வைத்திருந்தேன். வரிசை ஆடாமல் அசையாமல் கடைசிவரை ஓடி முடிந்தது.

"எடுத்தாச்சு."

"காட்டன் பாப்பம்" என்று அத்தனை பேரும் ஒரேயடியாகக் குனிந்தார்கள். பூச்சி மறுபடி பொத்தானானது.

4. துளி

திங்கட்கிழமை ஸ்ரூடியோவில் படங்களை அடுக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பூச்சியின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. குமார் அண்ணை துளியைக் காட்டி, "உதுக்குள்ளை என்ன?" என்றார்.

துளிக்குள் நாரந்தனை தலைகீழாக நின்றது. வெள்ளைத் தட்டியோடு அம்மா, தலையில் கை வைத்தபடி பிலோமினா மாமி, சிவப்பாய் ஓட்டோ.

"அழிச்சு விடு. சின்ன வேலை" என்றார். "ரீச்சர் மனிசர் இல்லாத படம்தானே கேட்டவ."

உண்மைதான். உயிரினங்கள் மட்டும் என்பதுதான் பேச்சு. அழித்தால் அட்டையும் பெயரும் உறுதி. கையில் மவுஸ் இருந்தது. என்னால் ஏலாமல் போய்விட்டது. அப்படியே ரீச்சருக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியிலும் சொன்னேன்.

"ரீச்சர், துளிக்குள்ளை ஆக்கள் நிக்கினம். அவையள் காத்தை மறைச்சு நிண்டபடியால்தான் அந்தத் துளி நிண்டது. அழிக்கச் சொன்னால் நீங்கள் மற்றப் படத்தையே போடுங்கோ."

மறுபக்கத்தில் மவுஸ் தட்டும் சத்தம். பெரிதாக்கிப் பார்க்கிறா என்று விளங்கியது. பிறகு சிரிப்புக் கேட்டது.

"இவ ஏன் தலையிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறா?"

"நான் செத்துப்போனன் எண்டு நினைச்சு, ரீச்சர்."

"அப்ப இருக்கட்டும்" என்றா.

புத்தகம் வந்த அன்று அட்டையைத் திருப்பி, என் பெயர் இருந்த இடத்தில் அம்மாவின் விரலை வைத்தேன். முதலில் அப்பாவின் பெயர், பிறகு என்னுடையது. அம்மா எழுத்தைத் தடவிப் பார்த்தா. பிறகு அட்டைக்குத் திரும்பி, துளியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தா. "எழுத்து உன்ரை. இது நான்" என்றா. பிலோமினா மாமிக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு, தன்னை நேராக நிற்க வைத்து எடுக்கவில்லையாம்.

ஆகவே, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். நிலத்தில் படுக்கும் முன் அயலுக்குச் சொல்லிவிட்டுப் படுங்கள். சொன்னாலும் சனம் வரும். வந்தால் துரத்தாதீர்கள். காற்று எந்தப் பக்கமென்று பார்த்து, அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.