துரை கப்பலேறுமுன் ஒரு கடிதம்

காலை ஆறரைக்குக் கம்பளையில் ரயில் ஏறினேன். மடியில் ஒன்றரை வயது மகள். பையில் குடியுரிமை விண்ணப்பமும் இரண்டு பால் போத்தல்களும். மூன்றாவது போத்தலும் எடுத்திருக்கலாமோ என்று பேராதனை வரை யோசித்தேன். கணவருக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விசாரணை. சிறு வயதிலிருந்தே நான் இந்த நாட்டில் வசித்ததற்குச் சான்று வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். நான் படித்த பள்ளியின் பெயர்ப் பதிவேடான பழைய இடாப்பு மழையில் நைந்துவிட்டது. சாட்சி சொல்ல மிஞ்சியவர் ஒருவர்தான்: கண்டி அரசாங்க அலுவலகமான கச்சேரியில் என் அப்பா குமாஸ்தாவாக இருந்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை. அவரும் விசாரணைக்கு முன்பே, திங்கட்கிழமை, சீமைக்குக் கப்பலேறுகிறார்.

ஒன்பது மணிக்குக் கண்டியில் தெல்தெனிய பஸ். பதினான்கு மைல், எழுபது சதம். பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விசாரித்தார். துரையிடம் போகிற காரியத்தைச் சொன்னேன்.

“புள்ள எங்க பொறந்த?”

“திருச்சியிலங்க.”

“அத தொரகிட்ட சொல்லிப் போடாதீங்க மகள். கச்சேரிக்காரனுக்கு முன்னால அரைவாசிப் பேச்சுத்தான் பேசணும்.”

அதே கவலைதான் எனக்கும்: இடையில் இந்தியாவில் இருந்தது தெரிந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களோ என்று.

தெல்தெனியவுக்கு ஒரு மைல் முன்பாக, கொக்கோத் தோட்டத்துக்குள் இருந்தது பங்களா. விறாந்தை முழுவதும் ஆணியடித்த பெட்டிகள். துரை யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பரீட்சைக்குப் படித்தவர். அந்தப் பேச்சு அவரை விடவில்லை.

“இரும் பிள்ளை. உம்மட அப்பாவை நான் மறக்கேல்லை. அவரின்ர எழுத்து என்ர எழுத்தை விட வடிவு.”

யாழ்ப்பாணம், மன்னார், பதுளை, கண்டி என்று இருபத்தாறு வருட உத்தியோகம். சுதந்திரத்துக்குப் பிறகு அவருடைய உதவியாளரே அவருக்கு மேலதிகாரியானாராம்.

“என்ர கதிரையில அவர் இருந்தார். நான் பக்கத்தில நிண்டு கோப்புக் காட்டினன். நல்ல மனிசன், என்னை இருக்கச் சொல்ல மறந்துபோடுவார்.”

அப்பாவின் பதினான்கு வருட வேலையையும், கச்சேரி விடுதியில் என்னைச் சிறுமியாகப் பார்த்ததையும் எழுதினார். மனு எழுதுபவர் சொல்லிக் கொடுத்தபடி நான் கேட்டேன்:

“நான் நாட்டை விட்டு வெளிய போகவே இல்லைன்னும் ஒரு வரி எழுதிக் குடுங்க தொர.”

பேனாவைக் கீழே வைத்துக் குழந்தையைப் பார்த்தார். “பிள்ளை எங்கை பிறந்தது?”

பஸ்ஸில் கேட்ட புத்தி நினைவில் இருந்தது. ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருச்சியிலங்க. அப்பா தவறிப் போனதும் அம்மா அங்க போயிட்டாங்க. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தானே போகணும்? ஒன்பது மாசம் இருந்தேன்.”

“அந்த வரியை நான் எழுதமாட்டன். தலைமன்னார்த் துறைமுகப் பதிவில நீர் போனது வந்தது இருக்கும். நான் இந்த விண்ணப்பங்களை விசாரிச்ச காலத்தில, வெளிய போன ஆக்களைத் தள்ளேல்லை. அதை மறைச்ச ஆக்களைத்தான் தள்ளினனான். போனதை நீரே எழுதிக் குடும்.”

பிறகு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நாலு வருசத்துக்கு ஒருக்கா நானும் ஆறு மாசம் ஊருக்குப் போனனான். என்ர சேவை முறிஞ்சதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

கையெழுத்தின் கீழே பழக்கத்தில் பழைய பதவியையும் எழுதிவிட்டார். அதை அடித்து, அடித்தலுக்குப் பக்கத்தில் முறைப்படி சிறு கையெழுத்துப் போட்டார். அடித்தல் உள்ள கடிதத்தை ஏற்பார்களோ என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மாலை நான்கு மணி, கண்டி நிலையம். குழந்தை தோளில் தூங்கியது. விண்ணப்பத்தில், நாட்டுக்கு வெளியே இருந்த காலத்தைக் கேட்கும், நான் வெறுமையாக விட்டிருந்த கட்டத்தில் ‘ஒன்பது மாதம், தலைப்பிரசவம்’ என்று எழுதினேன். எழுதியது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை; வெள்ளிக்கிழமை தெரியும். துரை போகிற ஊரில் அவரிடம் யாரும் இடாப்புக் கேட்கப் போவதில்லை. அவர் விட்டுப் போகிற ஊரில் நான் இருப்பதற்கு அவருடைய கடிதம் வேண்டியிருக்கிறது.